எடை எங்கே இருக்கிறது? தமிழ் இணையப் பக்கங்களின் வேகம் பற்றிய ஒரு கணக்கு

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூருக்கு அருகிலுள்ள மாதனூரின் பெயரை ஆங்கிலத்தில் எட்டெழுத்தாக எழுதினால் 8 பைட். தமிழில் எழுதினால் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 21 பைட். தமிழில் பக்கம் வைத்தால் தளம் மெதுவாகும் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கணக்கே ஆதாரமாகக் காட்டப்படுகிறது. தோல் தொழில் நடக்கும் இப்பகுதியில், ஏற்றுமதியாளரின் தளம் ஆங்கிலத்தில் இருப்பதற்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் என்ற நியாயமாவது உண்டு. ஆனால் ஷூ கம்பெனிக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பு தமிழ் வாசகருக்கானது. அதையும் தட்டச்சு செய்யாமல் படமாக்கி ஏற்றுவதற்கு வேகம் ஒருபோதும் காரணமாகாது என்பதே என் வாதம்.

அந்த 21 பைட்டைப் பிரித்துப் பார்க்கலாம். யூனிகோடில் ‘மா’, ‘னூ’, ‘ர்’ ஆகியவை ஒவ்வொன்றும் இரண்டு குறிகள், ‘த’ ஒன்று. ஆக ஏழு குறிகள், குறிக்கு மூன்று பைட். இந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றே; இரண்டாவதில் இரண்டே வகைகள். இப்படித் திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கத்தான் ஜிசிப், புரோட்லி போன்ற முறைகள் இருக்கின்றன. ஐந்நூறு சொல் கொண்ட தமிழ்க் கட்டுரை சுருக்காமலே ஏறக்குறைய 14 கிலோபைட்தான். சேவையகம் பதிலுக்குக் காத்திராமல் முதல் தவணையிலேயே அனுப்பக்கூடிய அளவும் (2013இல் வெளிவந்த பரிந்துரைப்படி பத்துப் பொட்டலம்) அவ்வளவே. கைப்பேசியில் எடுத்த 3 மெகாபைட் படம் ஒன்றோ இத்தகைய இருநூறு கட்டுரைகளுக்குச் சமம்.

குறியாக்கத்தையே மாற்றலாமே என்பார்கள் டேஸ்-16 ஆதரவாளர்கள். தமிழக அரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து, அதற்கு மாற்றாக ஏற்ற முறை அது. உயிர்மெய்க்கு ஒரே குறி என்பதால் மாதனூர் 12 பைட்டில் அடங்கும். இலக்கண நோக்கிலும் அது அழகானது, மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தின் வேகம் என்று வந்தால், சுருக்கியபின் மிஞ்சும் வேறுபாடு ஒரு படத்தின் ஓரத்துக்குக்கூடக் காணாது. தவிர, டேஸ்-16 யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருக்கிறது; அதற்கான எழுத்துரு இல்லாத கைப்பேசியில் வெற்றுக் கட்டம்தான் தெரியும். எழுத்துருவையும் சேர்த்து அனுப்பினால் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு செலவாகும். ஒவ்வொரு நாளிதழும் தன் எழுத்துருவைத் தானே இறக்கிக் கொடுத்த யூனிகோடுக்கு முந்தைய காலத்துக்கு யாரும் திரும்ப விரும்பமாட்டார்கள்.

தோல் வியாபாரத்துக்கே உரிய மறுப்பு இதைவிட வலுவானது: தோலின் மேற்பரப்பும் தையலும் தெளிவாகத் தெரியாமல் யார் வாங்குவார்? சரிதான். ஆனால் தெளிவான படம் வேண்டும் என்பதும், முதல் பார்வையிலேயே எல்லாப் படங்களும் முழு அளவில் இறங்க வேண்டும் என்பதும் வேறு வேறு. திரைக்கேற்ற அளவில், வெப்பி அல்லது ஏவிஃப் வடிவில் சிறிய படம் முதலில் வரலாம். பெரிதாக்கிப் பார்க்க விரும்புகிறவருக்கு மட்டும் முழுப்படம் இறங்கலாம். கீழே உள்ள படங்கள் வாசகர் அங்கே வரும்வரை காத்திருக்கலாம். படமாக்கிய அறிவிப்புக்கு இந்தச் சலுகை எதுவும் தேவையில்லை. அது எழுத்தாக மாற வேண்டியது. எழுத்தானால் தேடலில் கிடைக்கும், பார்வையற்றவரின் கைப்பேசி அதை வாசித்தும் காட்டும்.

5ஜி வந்தபின் இந்தச் சிக்கனம் எதற்கு என்போர் தூரத்தை மறக்கிறார்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். சேவையகம் பிராங்க்பர்ட்டில் இருந்தால் ஒருமுறை போய்வரக் குறைந்தது 75 மில்லிநொடி. இணைப்பு, பாதுகாப்பு, கோரிக்கை என மூன்று முறை போய்வந்த பிறகே முதல் எழுத்து வரும். அலைவரிசை பெருகினாலும் இது குறையாது. பக்கத்தில் குவித்த ஜாவாஸ்கிரிப்டை இயக்குவதும் கைப்பேசியின் செயலிதான்; விலை குறைந்த கருவியில் தாமதம் அங்கேதான் கூடுகிறது. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள், நான்கில் மூன்று வருகைகளிலாவது, தெரிய வேண்டும் என்பது கூகுள் 2020இல் அறிவித்த அளவுகோல். தளம் வைத்திருப்போர் அதை அலுவலகக் கணினியில் அளந்து நிறைவடையாமல், ஷிப்ட் முடிந்து பேருந்துக்கு நிற்கும் தொழிலாளியிடம் இருக்கக்கூடிய கைப்பேசியில் ஒருமுறை அளந்து பார்க்கட்டும்.