கருமந்தியின் குலப்பெயர்

வால்பாறை, களக்காடு பக்கம் காட்டுக்குள் போனவர்கள் கருமந்தியைப் பார்த்திருப்பார்கள். கருத்த உடல், பொன்பழுப்பு நிறத் தலைமுடி, நீண்ட வால். நாம் ‘கருங்குரங்கு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். விலங்கியலாளர்களுக்கு விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அது எந்தப் பேரினம் என்பதில் நெடுங்காலம் இழுபறி.

1829ல் ஃபிஷர் இதற்கு ‘ஜானி’ என்று சிற்றினப் பெயர் வைத்தார். தரங்கம்பாடியில் மதப்பணியோடு இயற்கை ஆராய்ச்சியிலும் ஈடுபட்டிருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் பாதிரியாரின் நினைவாக. அந்த இரண்டாம் பெயர் இன்றும் அப்படியே இருக்கிறது. மாறிக்கொண்டே இருந்தது முதல் பெயர்தான். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆசியாவின் இலைதின்னிக் குரங்குகளில் பலவற்றை ‘பிரெஸ்பைடிஸ்’ என்ற ஒரே பேரினத்தில் போட்டுவைத்திருந்தார்கள். அப்புறம் அதைப் பிரித்தபோது, வட இந்தியக் கோயில்களில் திரியும் சாம்பல் மந்தி ‘செம்னோபிதிகஸ்’ ஆனது. கருமந்தியையும் இலங்கையின் ஊதாமுக மந்தியையும் பலர் தென்கிழக்காசிய மந்திகளோடு ‘ட்ரேக்கிபிதிகஸில்’ சேர்த்தார்கள். மண்டையோடு, குட்டியின் ரோம நிறம் போன்றவைதான் சான்று. எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கருமந்தியும் சாம்பல் மந்தியும் காட்டில் கலந்து குட்டி போடுவதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

பெயர் எதுவானால் என்ன? பேரினம் என்பது ஒரு வம்சாவளிக் கூற்று. அதற்குள் இருப்பவை எல்லாம் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க வேண்டும். அந்த மூதாதையின் வாரிசு எதையும் வெளியே விட்டுவிடவும் கூடாது. ஆகவே கருமந்தி ட்ரேக்கிபிதிகஸ் என்றால், அதன் பங்காளிகள் மியான்மர், வியட்நாம் காடுகளில் இருக்கிறார்கள். நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் இடைவெளி. எப்படி இங்கே வந்தது? மீன்களை ஆராய்ந்த சுந்தர் லால் ஹோரா, கிழக்கின் ஈரக்காட்டு உயிர்கள் சாத்பூரா மலைகள் வழியாக மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்திருக்கலாம் என்றார். அப்படி ஒரு பாதை தேவைப்படும். செம்னோபிதிகஸ் என்றால் அந்தப் பயணமே வேண்டாம். இந்தத் துணைக்கண்டத்திலேயே பிரிந்த கிளை, அவ்வளவுதான்.

2008ல் பிரவீண் கரந்த், லால்ஜி சிங் முதலியோர் வெளியிட்ட டிஎன்ஏ ஆய்வில் கருமந்தியும் ஊதாமுக மந்தியும் சாம்பல் மந்தியின் பக்கம் நின்றன. இன்று அவை செம்னோபிதிகஸ். ஆனால் அதே ஆய்வு இன்னொரு முடிச்சையும் போட்டது. அஸ்ஸாம், பூட்டான் பகுதியின் தொப்பி மந்தி, பொன் மந்தி இரண்டிலும் தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒரு பேரினத்தையும், உட்கரு டிஎன்ஏ மற்றொன்றையும் காட்டின. பிரிந்துபோன இரண்டு கோட் கிளைகளை மறுபடி மெர்ஜ் செய்ததுபோல, எப்போதோ இரு குலங்களும் கலந்திருக்கலாம்.

வம்சாவளியை டிஎன்ஏ சொல்லும். மரத்தில் எந்த இடத்தில் கோடு போட்டு ‘இது பேரினம்’ என்பது என்று அது சொல்லாது. அதை மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பிரிந்து எத்தனை காலம் ஆயிற்று என்பதை அளவுகோலாக வைக்கலாம் என்றார் மோரிஸ் குட்மன். அதை எல்லா உயிருக்கும் ஒரே சீராக வைத்தால், சிம்பன்சியை நம்முடைய ‘ஹோமோ’ பேரினத்தில் சேர்க்க வேண்டியிருக்கும். அதையும் அவரே சொன்னார். பெரும்பாலானோர் ஏற்கவில்லை. சிம்பன்சி இன்றும் ‘பான்’ என்ற தனிப் பேரினத்தில்தான் இருக்கிறது.