கலப்பிசையா, உறவா?

மொரோக்கோவின் க்னாவா இசையோடு ஜாஸ் சேர்ந்தால் ‘கலப்பிசை’ எண்டு சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்க. க்னாவாக்கள் சஹாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள்; பிலால் (ரலி) அவர்களைத் தம் ஆன்மிக மூதாதையாகக் கொண்டாடுபவர்கள். அந்த அடிமைகளை வாங்கியவர்களும் முஸ்லிம்கள்தான்; இதை மறைப்பதில் பயனில்லை. அவர்கள் கையில் தட்டும் இரும்புத் தாளத்தில் விலங்குச் சங்கிலியின் ஓசை கேட்கிறது எண்டு சொல்வாங்க.

ஜாஸைப் பிறப்பித்தவர்களும் அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கடத்தப்பட்ட ஆபிரிக்கரின் பேரப்பிள்ளைகளே. புரூக்ளினில் பிறந்த பியானோக் கலைஞர் ரண்டி வெஸ்டன் தாஞ்சியர் நகரில் குடியேறினார். அங்கே க்னாவா கலைஞர் அப்துல்லா எல் கூர்த்தோடு நட்பானார். பல்லாண்டுகள் சேர்ந்து வாசித்தார்கள். பாலைவனம் வழியாக ஒருவரும் கடல் வழியாக ஒருவருமாய்ப் பிரிந்த சொந்தங்கள் சந்தித்தன. அதைக் கலப்பு எண்டு சொன்னால், பிரித்தவர்களின் கணக்கு மறைந்துபோகும்.