ரெய்க்யவிக் நகரின் நாய்த் தடை (1924–1984)

ஐஸ்லாந்து நாட்டின் தலைநகரான ரெய்க்யவிக்கில் 1924ஆம் ஆண்டு முதல் 1984ஆம் ஆண்டு வரை வீட்டில் நாய் வளர்ப்பதற்குத் தடை இருந்தது. கடிக்கும் நாய், கடிக்காத நாய், உரிமையாளர் உள்ள நாய், தெருவில் திரியும் நாய் என்றெல்லாம் இந்தத் தடை பிரித்துப் பார்க்கவில்லை. நகர எல்லைக்குள் நாய் வளர்ப்பதே குற்றம் என்பதுதான் விதி. நாய்க்கு வரி போட்ட ஊர்கள் உலகில் ஏராளம். வாய்ப்பூட்டும் கழுத்துப்பட்டையும் கட்டாயம் என்று அறிவித்த ஊர்களும் உண்டு. ஆனால் ஒரு நாட்டின் தலைநகரம் நாயே வேண்டாம் என்று முடிவு செய்து, அந்த முடிவை 60 ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் வைத்திருந்தது அரிதான செய்தி.

நாய் பற்றிய சட்டம் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது வெறிநாய்க்கடி. ஆனால் ஐஸ்லாந்தில் வெறிநாய்க்கடி நோய் கிடையாது. அங்கே நாயை ஊரைவிட்டு வெளியேற்றியது வேறொரு நோய். அதற்குக் காரணமான புழுவின் நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை.

ஆடும் நாயும் புழுவும்

அந்தப் புழுவின் பெயர் எக்கினோகாக்கஸ். நாடாப்புழு இனத்தைச் சேர்ந்தது. முதிர்ந்த புழு சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும்; நாயின் சிறுகுடலில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். நாய்க்கு அதனால் பெரிய துன்பம் எதுவும் தெரிவதில்லை. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறிப் புல்லில் கலக்கும். அந்தப் புல்லை ஆடு மேயும்போது முட்டை ஆட்டின் வயிற்றுக்குள் போய்ப் பொரிந்து, அங்கிருந்து கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ சென்று நீர் நிறைந்த கட்டியாக வளரும். ஆட்டை அறுத்துவிட்டு, கட்டியுள்ள ஈரலை நாய்க்கு எறிந்தால், கட்டிக்குள் இருக்கும் புழுக்குஞ்சுகள் நாயின் குடலில் முதிர்ந்த புழுக்களாகும். பிறகு மறுபடியும் முட்டை, புல், ஆடு.

மனிதன் இந்தச் சுழற்சியில் தவறி விழுந்தவன். நாயின் உடலில் ஒட்டியிருக்கும் முட்டை கை வழியாகவோ உணவு வழியாகவோ அவன் வயிற்றுக்குள் போனால், ஆட்டுக்கு நேர்வதே அவனுக்கும் நேரும். கல்லீரலில் கட்டி தோன்றி மெல்ல மெல்லப் பெரிதாகும். பத்து ஆண்டு, இருபது ஆண்டு கூட எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். இந்த மெதுவான வளர்ச்சியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சொல்லப்போகும் சட்டக் கதையில் இதற்கு முக்கிய இடம் உண்டு.

19ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்து இந்தப் புழுவுக்கு ஏற்ற நாடாக இருந்தது. மக்களின் வாழ்வே ஆட்டை நம்பியிருந்தது. மலைச்சரிவுகளில் சிதறி மேயும் ஆடுகளைத் திரட்ட நாய் இல்லாமல் முடியாது. நீண்ட குளிர்காலத்தில் புல்தரை வேய்ந்த மண்வீடுகளுக்குள் மனிதரும் நாயும் ஒன்றாகவே அடைந்து கிடந்தனர். ஆடுகளைப் பண்ணை வீட்டு முற்றத்திலேயே அறுத்தனர். கழிவு நாய்க்குப் போனது. உண்ட மரக்கலத்தை நாய் நக்கட்டும் என்று தரையில் வைக்கும் வழக்கமும் இருந்தது. அந்த நூற்றாண்டின் இடைப்பகுதியில், ஐஸ்லாந்தியரில் ஆறு ஏழு பேருக்கு ஒருவர் இந்நோயால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஷ்லைஸ்னர் என்ற டேனிய மருத்துவர் கணித்தார். மிகைக் கணக்கு என்று அன்று சிலர் எண்ணினர். ஆனால் பிற்காலத்தில் பிணக்கூறு ஆய்வுகளை ஆராய்ந்தபோது, 1860களில் பிறந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் உடலில் இந்தக் கட்டிகள் இருந்தது தெரிந்தது. மருத்துவரின் கணக்கு மிகையானதல்ல, குறைவானதே.

கிராபேயின் சிறுநூல்

1863ஆம் ஆண்டில் ஹரால்ட் கிராபே என்ற டேனிய விலங்கு மருத்துவ அறிஞர் ஐஸ்லாந்துக்கு வந்தார். அவர் 100 நாய்களின் குடலைப் பிரித்துச் சோதித்தார். 28 நாய்களில் இந்தப் புழு இருந்தது. மறு ஆண்டே, நோய் எப்படிப் பரவுகிறது, எப்படித் தடுப்பது என்பதை விளக்கும் ஒரு சிறுநூலை எழுதினார். அது ஐஸ்லாந்து மொழியில் அச்சிடப்பட்டு வீடுகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. ஐஸ்லாந்தில் அப்போதே எழுத்தறிவு பரவலாக இருந்ததால், அந்தச் சிறுநூல் படிக்கப்பட்டது. இதை ஆசிரியர் என்ற முறையில் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நோயைப் பற்றிய அறிவு முதலில் போனது. சட்டம் அதன் பின்னால் போனது.

1869இல் முதல் சட்டம் வந்தது. நாய்களுக்கு வரி விதித்து, அவற்றின் எண்ணிக்கையைக் குறைக்க முயன்றது. 1890இல் வந்த சட்டம் இன்னும் கூர்மையானது. நாய்களுக்கு ஆண்டுதோறும் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். கட்டியுள்ள ஈரல், நுரையீரல் நாய்க்குக் கிடைக்காதபடி அழிக்க வேண்டும். (நாய்க்கான குடற்புழு மருந்து என்றதும் ஒரு செய்தி. இந்நோயை ஒழிக்கப் பிற்காலத்தில் பல நாடுகள் பயன்படுத்திய அரிக்கோலின் என்ற மருந்து, நம் வெற்றிலைத் தட்டில் இருக்கும் பாக்கிலிருந்து கிடைப்பதுதான்.) 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முறையான ஆடு அறுக்கும் கூடங்கள் தோன்றின. வயதான ஆடுகளுக்குப் பதிலாகச் சில மாதக் குட்டிகளை இறைச்சிக்கு அனுப்பும் வழக்கமும் வளர்ந்தது. குட்டியின் உடலில் கட்டி முதிர்வதற்கு நாள் போதாது. எனவே புழுவின் சுழற்சி அங்கேயே அறுந்தது.

இவற்றின் விளைவு பிணக்கூறு ஆய்வுகளில் தெளிவாகத் தெரிகிறது. 1860களில் பிறந்தவர்களை விட 1880களில் பிறந்தவர்களிடம் நோய் மிகக் குறைவு. 1890களில் பிறந்தவர்களிடம் அது அரிது. அதாவது, புதிதாக நோய் தொற்றுவது 1900ஆம் ஆண்டை ஒட்டியே பெரும்பாலும் நின்றுவிட்டது.

தடை வந்தது

அப்படியானால் 1924இல் தடை எதற்கு?

நோயின் மெதுவான வளர்ச்சி இங்கேதான் வருகிறது. 1924இல் வயிற்றுக் கட்டியோடு மருத்துவமனைக்கு வந்தவர், பல ஆண்டுகளுக்கு முன் பண்ணையில் குழந்தையாக இருந்தபோது முட்டையை விழுங்கியவர். அறுவை மருத்துவர்கள் கண்முன் நோயாளிகள் வந்துகொண்டேதான் இருந்தனர். நோய் தோற்றுவிட்டது என்பது பிறந்த ஆண்டு வாரியாகக் கணக்குப் போட்டால் மட்டுமே தெரியும். படுக்கைகளைப் பார்த்தால் தெரியாது. அன்றைய சட்டமன்றத்தினரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பார்த்தது படுக்கைகளை.

இன்னொரு காரணமும் உண்டு. ரெய்க்யவிக் அப்போது சுமார் 20,000 பேர் வாழ்ந்த சிற்றூர். ஆனால் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. பண்ணைகளை விட்டு வந்தவர்கள் மீன்பிடித் தொழிலிலும் கடைகளிலும் வேலை தேடினர். நாய் என்பது ஆடு மேய்க்க உதவும் வேலைக்கார விலங்கு. ஆடு இல்லாத நகரத்தில் நாய்க்கு என்ன வேலை என்ற எண்ணம் இயல்பாக இருந்தது. ஐஸ்லாந்து நாடாளுமன்றம் நாய் வளர்ப்பைக் கட்டுப்படுத்தவோ தடை செய்யவோ உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் அளித்தது. தலைநகரம் அந்த அதிகாரத்தை முழு அளவில் பயன்படுத்தித் தடையே விதித்தது.

காரணம் போய், விதி நின்றது

அடுத்த முப்பது ஆண்டுகளில் நோய் மனிதரிடம் ஏறக்குறைய மறைந்தது. ஆடுகளில் கடைசியாக இந்தக் கட்டி கண்டறியப்பட்டது 1979இல். தடையோ நகர்ந்து கொடுக்கவில்லை. ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட காரணம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் நோய். பிறகு தூய்மை, குரைப்பு, அண்டை வீட்டார் தொல்லை. கடைசியில், அடுக்குமாடி வீட்டில் நாயை அடைத்து வைப்பது அந்த நாய்க்கே கொடுமை என்ற வாதம்! நாயிடமிருந்து மனிதனைக் காக்க வந்த விதி, மனிதனிடமிருந்து நாயைக் காக்கும் விதியாக உருமாறியது. சட்டங்களின் வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் இந்த மாற்றத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளலாம். ஒரு விதிக்குக் காரணம் கேட்டால் ஒவ்வொரு தலைமுறையிலும் வேறு வேறு விடை வருமானால், அந்த விதி பழக்கத்தால் மட்டுமே நிற்கிறது என்று பொருள்.

இதே காலத்தில் கிராமப்புறத்தில் வேறொரு கவலை எழுந்தது. ஐஸ்லாந்தின் சொந்த இனமான மேய்ப்பு நாய் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. மார்க் வாட்சன் என்ற ஆங்கிலேயர் 1950களில் சில நாய்களைத் தேடிப் பிடித்துக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டு சென்று வளர்த்தார். சிக்ரீதுர் பியெத்துர்ஸ்தோத்திர் என்ற பெண்மணி 1960களில் தம் பண்ணையில் அந்த இனத்தைப் பெருக்கத் தொடங்கினார். 1969இல் நாட்டில் நாய் வளர்ப்போர் சங்கமும் தோன்றியது. நாட்டு நாயினத்தைக் காக்கச் சங்கம் ஒருபுறம். தலைநகரில் நாய்க்குத் தடை மறுபுறம்.

தடையை எல்லோரும் மதித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. திரைச்சீலைக்குப் பின்னால் நாய் வளர்த்தவர்கள் இருந்தனர். அண்டை வீட்டார் புகார் கொடுத்தால்தான் காவல்துறை வரும். ஆக, உங்கள் வீட்டில் நாய் இருக்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானித்தது சட்டமல்ல. பக்கத்து வீட்டுக்காரரின் மனநிலை.

ஸ்ட்ராஸ்பர்க் வரை சென்ற நாய்

ரெய்க்யவிக்கைச் சேர்ந்த ஒருவர் இந்தத் தடையை ஐரோப்பிய மனித உரிமை ஆணையத்திடம் கொண்டு சென்றார். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு ஒவ்வொருவரின் தனி வாழ்வையும் மதிக்க வேண்டும் என்கிறது. என் வீட்டில் நான் நாய் வளர்ப்பது என் தனி வாழ்வு அல்லவா என்பதே அவர் கேள்வி.

1976இல் ஆணையம் மனுவை விசாரணைக்கு ஏற்காமல் தள்ளியது. தனி வாழ்வு என்பது நான்கு சுவர்களுக்குள் ஒளிந்திருப்பது மட்டுமன்று, பிற மனிதர்களோடு உறவு கொள்ளும் உரிமையும் அதில் அடங்கும் என்று ஆணையம் விரிவாகவே பொருள் கூறியது. ஆனால் அந்த உறவு மனிதரோடு மட்டுமே என்றது. நாய் மனிதனோடு நெடுங்காலமாக நெருங்கி வாழ்கிறது என்பதை ஒப்புக்கொண்டும், அது மட்டும் போதாது, நாய் வளர்ப்பு இயல்பாகவே மற்றவர் வாழ்வையும் பொது வாழ்வையும் தொடுகிறது என்றும் குறிப்பிட்டது. இந்த முடிவு இன்றும் மனித உரிமைச் சட்டப் பாடநூல்களில் மேற்கோளாகக் காட்டப்படுகிறது. அதன் தர்க்கத்தில் பிழை காண்பது கடினம். ஆனாலும், தனியே வாழும் ஒரு முதியவருக்கு வீட்டில் பேச்சுத்துணை நாய் மட்டும்தான் என்றால், அவருடைய தனி வாழ்வில் அந்த நாய்க்கு இடமில்லை என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிதியமைச்சரும் லூசியும்

சட்டத்தால் முடியாததை ஒரு கிழ நாய் செய்தது. ஆல்பர்ட் குட்முண்ட்சன் என்பவர் 1983இல் ஐஸ்லாந்தின் நிதியமைச்சரானார். அந்நாட்டின் முதல் தொழில்முறைக் கால்பந்து வீரர் அவர். அர்செனல், ஏசி மிலான் அணிகளுக்கு ஆடியவர். 1980இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று, வெற்றி பெற்ற விக்தீஸ் ஃபின்பொகதோத்திரிடம் தோற்றவர். ரெய்க்யவிக் நகரமன்ற உறுப்பினராகவும் நெடுங்காலம் இருந்தார். அந்த நகரத்தின் விதியை மீறி அவர் வீட்டிலேயே லூசி என்ற நாய் பல ஆண்டுகளாக வளர்ந்து வந்தது.

1984இன் தொடக்கத்தில் செய்தி வெளியாகி, காவல்துறையிடம் புகார் போனது. நாட்டின் கருவூலத்துக்குப் பொறுப்பான அமைச்சர் ஒரு நாய்க்காக அபராதம் கட்ட வேண்டிய நிலை. லூசியைக் கொல்லச் சொன்னால் நாட்டை விட்டே வெளியேறுவேன் என்று அவர் அறிவித்தார். செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. சாதாரண மக்கள் ஒளித்து வளர்த்தபோது கண்டுகொள்ளப்படாத விதி, அமைச்சர் மாட்டிக்கொண்டதும் எல்லோர் கண்ணிலும் பட்டது. இதில் ஒரு நீதியின்மை இருக்கிறது. அதற்கு முன் பிடிபட்டவர்களுக்கு நாட்டை விட்டுப் போவேன் என்று மிரட்டும் வசதி இருந்திருக்காது.

அதே 1984இல் தடை தளர்த்தப்பட்டது. நீக்கப்பட்டது என்பதைவிடத் தளர்த்தப்பட்டது என்பதே சரி. பொதுவாகத் தடை, உரிமம் பெற்றவருக்கு மட்டும் விலக்கு என்ற வடிவில் புதிய விதி எழுதப்பட்டது. நாய் வைத்திருப்பவர் விண்ணப்பித்து, ஆண்டுக் கட்டணம் செலுத்தி, நாயைப் பதிவு செய்ய வேண்டும். வெளியே வாரில் கட்டித்தான் அழைத்துச் செல்ல வேண்டும். கழிவை அவரே அள்ள வேண்டும். ஆண்டுதோறும் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளை அப்படியே தொடர்ந்தது. கடைத்தெருவான லாய்காவேகுர் போன்ற இடங்களுக்கு நாயை அழைத்துச் செல்வது பல ஆண்டுகள் கூடாததாகவே இருந்தது. பொதுப் படிக்கட்டு உள்ள அடுக்குமாடிகளில், மற்ற வீட்டு உரிமையாளர்களில் மூன்றில் இரு பங்கினர் ஒப்புதல் தர வேண்டும் என்ற நிபந்தனை பின்னாளில் நாட்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றது. பக்கத்து வீட்டுக்காரரின் மனநிலை இப்போது கையெழுத்தாகக் கேட்கப்பட்டது.

நாய் இல்லாத அந்த அறுபது ஆண்டுகளில் ரெய்க்யவிக் மக்கள் பூனையோடு பழகிக்கொண்டனர். இன்று அந்நகரத்துக்குப் போகிறவர்கள் சன்னல் விளிம்பிலும் கடை வாசலிலும் பூனைகள் சாவதானமாகப் படுத்திருப்பதைப் பார்க்கலாம். நாய்களுக்கு இடம் கிடைப்பது மெதுவாகத்தான் நடக்கிறது. 2018இல்தான் நகரப் பேருந்தில் வளர்ப்பு விலங்குகளை ஏற்ற அனுமதி கிடைத்தது. அதுவும் சோதனை முறையில், நெரிசல் நேரம் தவிர்த்து.