கடுக்காய்க் கறை: வெள்ளிமலையிலிருந்து துணிக்கலையைப் பார்த்தல்

லாவண்யா மணியின் துணி ஓவியங்களில் நம் கண் முதலில் செல்வது கப்பல்களின் மீதும் பாய்களின் மீதும்தான். 1977இல் ஹைதராபாத்தில் பிறந்து பரோடாவில் ஓவியம் பயின்ற இவர், கலம்காரியைக் கையிலெடுத்து, அந்தத் தொழில்முறையைக் கொண்டே அதன் வரலாற்றை விசாரிப்பவர். காலனிய வணிகம், பயணிகளின் கட்டுக்கதைகள், கடல் கடந்துபோன செடிகொடிகள் எல்லாம் அவரிடம் இயற்கைச் சாயமாகவும் தையலாகவும் வந்து சேர்கின்றன. சரக்காக விற்கப்பட்ட பொருளே அந்த வணிகத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லும் விந்தை இது. துணியில் என்ன அரசியல் பேசிவிட முடியும் என்று கேட்கும் நண்பர்களுக்கு நாம் முதலில் காட்ட விரும்புவது இவரது படைப்புகளைத்தான். எனினும் இங்கே நாம் பேச எண்ணுவது, எந்தக் கலம்காரித் துணியிலும் வண்ணத்துக்கு முன்பே ஏறிவிடும் ஒரு பொருளைப் பற்றி.

அது கடுக்காய். வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு, எழுதும் சாயம் பக்கவாட்டில் பரவாமல் தடுக்கும். துருவேறிய இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்து எடுத்த நீரைத் தொட்டு மூங்கில் எழுதுகோலால் கோடிழுத்தால், கடுக்காயின் துவர்ப்பு இரும்பைப் பற்றிக்கொண்டு கோடு கறுக்கும். சிவப்புக்குப் படிகாரம் தடவிச் சாயவேரோடு கொதிக்கவைப்பர். துவர்ப்பு இல்லையேல் கறுப்பு நிற்காது. உருவங்களின் எல்லைக் கோடுகள் யாவும் இந்தக் கறுப்பில் எழுதப்படுபவை என்பதால், கலம்காரியில் வடிவம் என்பதே கடுக்காயின் கொடை எனலாம்.

கல்வராயன் மலை கடுக்காய்க்குப் பெயர்போனது. அம்மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் கீழிறங்கி, கடைசியில் வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலை அடைகின்றன. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் துணி வாங்க வந்து இறங்கிய அதே பரங்கிப்பேட்டை! சோழமண்டலக் கரையின் சீட்டித் துணி ஐரோப்பாவில் கிளப்பிய அரசியலைப் பலரும் அறிவர். பிரான்சு 1686இல் அதைத் தடைசெய்து 1759 வரை தடையை நீட்டித்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டது. 1719இல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள், பருத்தி அச்சுத்துணி உடுத்திய பெண்களைத் தெருவிலேயே வழிமறித்து உடையைக் கிழித்தார்கள், மையை வீசினார்கள். வயிறு காய்ந்தவர்களின் கோபம், வேறொரு தேசத்து நெசவாளியின் மீது நேரடியாகப் பாய முடியாமல், உடுத்தியவள் மீது பாய்ந்தது.

புதுச்சேரியில் சாயமேற்றிய 'கினே' எனும் நீலத்துணியின் கதை இன்னும் கொடியது. செனகல் ஆற்றங்கரையில் அது பணமாகவே புழங்கியது. அதைக் கொடுத்துப் பிசின் வாங்கினார்கள். அந்தப் பிசின் ஐரோப்பாவின் அச்சுத்துணிப் பட்டறைகளுக்குச் சென்றது. நம் துணியைக் கொண்டே நம் துணிக்குப் போட்டி தயாரானது என்பதைக் கவனிக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தியத் துணிகளுக்கு ஈடாக மனிதர்களும் வாங்கப்பட்டனர்.

யின்கா ஷோனிபாரே 2003இல் உருவாக்கிய 'ஸ்க்ராம்பிள் ஃபார் ஆஃப்ரிக்கா' என்ற படைப்பை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். ஆப்பிரிக்க வரைபடம் பொறித்த மேசையைச் சுற்றித் தலையில்லாத 14 உருவங்கள். 1884-85 பெர்லின் மாநாட்டின் பங்குபோடல் அது. உருவங்கள் அணிந்திருக்கும் 'ஆப்பிரிக்கத்' துணியோ, ஜாவாவின் பாத்திக்கைப் பார்த்து ஹாலந்தில் செய்யப்பட்ட வகை. துணியின் பிறப்புச் சான்றிதழே அங்கே விமர்சனம்.

மணி, ஷோனிபாரே இருவரும் வணிகனையும் கப்பலையும் பேரரசையும் நம் முன் நிறுத்திவிடுகிறார்கள். கடுக்காய் பொறுக்கியவர் எங்கே? கும்பினிக் காலத் துணி வணிகத்தைப் பற்றிப் படிக்கையில் துபாஷிகளின் பெயர்கள் வருகின்றன, நெசவாளர் ஊர்களின் பெயர்கள் வருகின்றன. மரத்தடியில் குனிந்தவரின் பெயர் நம் வாசிப்பில் இதுவரை எதிர்ப்பட்டதில்லை.

சிலி நாட்டில் 1973 ராணுவப் புரட்சிக்குப் பின் பெண்கள் சாக்குத் துணியில் பழந்துணி ஒட்டுகளைத் தைத்து, காணாமற்போன கணவரையும் மகனையும் அதில் உருவாக்கினார்கள். 'அர்பியேரா' எனப்படும் அத்துணிகளின் வேலை, இல்லாதவரை இருக்கச் செய்வது. நம் சீட்டித் துணிக்கு அப்படி ஒரு தையல் தேவைப்படுகிறது என்று நமக்குத் தோன்றுகிறது.

ஏனெனில் மலையின் கதை கும்பினியோடு முடியவில்லை. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) மூன்று ஜாகிர்களின் ஆளுகையில் இருந்தவர்கள். ஜாகிர்தாரின் நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. அந்த ஆளுகை 1976இல்தான் முடிவுக்கு வந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து! கதரைப் பற்றியும் ராட்டையைப் பற்றியும் நாம் மேடைகளில் முழங்கிய ஆண்டுகள் அவை. நூற்பவர், நெய்பவர், உடுப்பவர் வரை வந்த நம் பேச்சு, சாயத்துக்கான காயைப் பொறுக்கியவர் வரை ஏறவில்லை.

2021இல் கருப்பூர் கலம்காரி ஓவியங்களுக்கும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. தகுதியானவையே, மறுப்பில்லை. இரண்டுமே கைவினைஞரின் ஊரைச் சட்டப்படி பதிவுசெய்கின்றன. கலைக்கூடங்களில் துணி ஓவியத்தின் அருகே ஒட்டப்படும் சிறு அட்டையில் 'பருத்தி, இயற்கைச் சாயம்' என்று எழுதும் இடத்தில், கடுக்காய் என்ற சொல்லையும், அது எந்த மலையிலிருந்து இறங்கியது என்பதையும் சேர்க்கச் சொல்வது பெரிய கோரிக்கை அன்று. இன்னொரு வரி எழுத அந்த அட்டையில் இடமிருக்கும்.