கல்லூரி வாசல் வரை

மதம் சார்ந்த பள்ளிக்கூடம் பிள்ளைகளைக் கல்லூரிக்குச் சரியாகத் தயார் செய்யுமா? ஜெபத்துக்கும் மறைக்கல்விக்குமே பாதி நேரம் போயிடாதா? வையம்பட்டியிலிருந்து திருச்சி வரை இந்தக் கேள்வியைக் கேட்டால் பல பேர் சிரிப்பார்கள். 'சாமியார் பள்ளிக்கூடத்துலதானே படிப்பு நல்லா இருக்கும்!'

இந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்ததில்லை. ஜெர்மானிய லுத்தரன் பாதிரியார் ஷ்வார்ட்ஸ் 1762இல் திருச்சிக்கு வந்தார். 1780களில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கையில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்ற அவர் முன்னின்றார். 1854இல் வுட் அறிக்கை வந்தது: பொதுப்பாடத்தை ஒழுங்காக நடத்தினால் எந்த மதத்தார் பள்ளிக்கும் அரசு மானியம் உண்டு. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதற்குள் நுழைய மெட்ரிகுலேஷன் தேர்வு.

மானியமும் தேர்வும் சேர்ந்து மிஷன் பள்ளிகளின் போக்கையே மாற்றின. பைபிள் வகுப்பு நின்றுவிடவில்லை. ஆனால் ஊரில் பள்ளியின் பெயர் எத்தனை பேர் பாஸ் என்பதை வைத்துத்தான். இயேசு சபையினர் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கு இடம் மாறியது. பிராமணக் குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கே வந்து படித்தார்கள். மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம், படிப்பு வேண்டுமே என்ற ஆசை இன்னொரு பக்கம். பெரும்பாலும் ஆசைதான் ஜெயித்தது.

ஆக, தேர்வுக்கு நன்றாகவே தயாரித்தார்கள். தேர்வுக்குப் பிறகு?

ராமேஸ்வரத்து முஸ்லிம் பையன் அப்துல் கலாம் படித்தது ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில். 1950இல் திருச்சி வளனார் கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்ந்தார், பிறகு அங்கேயே பி.எஸ்ஸி. இயற்பியல். இரண்டு இடங்களின் ஆசிரியர்களையும் 'அக்னிச் சிறகுகள்' நூலில் நன்றியோடு நினைக்கிறார். அதே நூலில் இன்னொன்றையும் சொல்கிறார்: பி.எஸ்ஸி. சேரும்போது வேறு வழி இருப்பதே அவருக்குத் தெரியாது. பட்டம் வாங்கிய பிறகுதான் தனக்கு ஏற்றது பொறியியல் என்று புரிந்தது. இன்டர்மீடியட் முடித்ததுமே அதில் சேர்ந்திருக்கலாம். சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் கட்ட ஆயிரம் ரூபாய் இல்லை. அக்கா சோஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

கலாமுக்குப் பாடத்தில் குறையில்லை. எந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. படித்த குடும்பத்தில் அதைச் சொல்ல ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். முதல் தலைமுறைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே அந்த மாமாவாக இருந்தாக வேண்டும்.

மதப் பள்ளியோ அரசுப் பள்ளியோ, இன்றும் தேர்ச்சி விகிதத்தைத்தான் பேனரில் போடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் மூன்று வருஷம் கழித்து எங்கே இருக்கிறார்கள் என்றும் பள்ளிகள் விசாரித்து எழுதி வைக்கலாம். பள்ளியில் சேர்க்க வரும் பெற்றோரும் அந்த ஏட்டைக் கேட்டுப் பார்க்கலாம்.