'மிருகத்தனம்' என்னும் சொல்



கொடுஞ்செயல் புரிந்தவனைப் பார்த்து, "இவன் என்ன மனுசனா, மிருகமா?" என்று கேட்கிறோம். அச்செயலைப் பத்திரிகைகள் 'மிருகத்தனம்' என்று எழுதுகின்றன. இச்சொல் எங்கிருந்து வந்தது? அந்த மிருகங்கள் செய்த குற்றம்தான் என்ன? சற்று ஆராய்வோம்.

மிருகம் என்பது வடசொல். பழமையான ரிக் வேதத்தில் அது காட்டில் திரியும் விலங்குகளைப் பொதுவாகக் குறித்தது. யானையைக் 'கையுள்ள மிருகம்' என்றார்கள். துதிக்கைதான் அந்தக் கை. பிற்காலத்தில் அது மானுக்குச் சிறப்புப் பெயராயிற்று. பஞ்சாங்கத்தில் வரும் மிருகசீரிடம் என்ற நட்சத்திரப் பெயருக்கு 'மான் தலை' என்பதே பொருள். மானிடமிருந்து கிடைக்கும் கஸ்தூரிக்கும் மிருகமதம் என்று பெயருண்டு. சாதுவான மானுக்கும் உரிய இந்தப் பெயரோடுதான், முட்டாள்தனம், கஞ்சத்தனம் என்பவற்றில் உள்ள 'தனம்' என்ற விகுதியைச் சேர்த்து வசைச்சொல் ஆக்கிவிட்டோம்!

இச்சொல் கடல் கடந்து மலாய் மொழிக்கும் வந்திருக்கிறது. விலங்குகளை மலாயில் 'மெர்காஸ்துவா' என்பார்கள். மிருகம், சத்துவம் என்ற இரண்டு வடசொற்களின் சேர்க்கை அது. சத்துவம் என்றால் உயிர்.

தமிழில் நமக்குள்ள சொல் விலங்கு. விலங்குதல் என்றால் குறுக்காக இருத்தல். மனிதன் நிமிர்ந்து நடக்கிறான். நாலுகால் பிராணியின் உடலோ குறுக்காக இருக்கிறது. அதனால் வந்த பெயர் இது என்பர் அறிஞர். பாருங்கள், இதில் நடையைத்தான் சொன்னார்கள், கொடுமையைச் சொல்லவில்லை.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின்படி ஆறு வகையாகப் பிரித்தார். புல்லும் மரமும் ஓரறிவு; விலங்கு ஐயறிவு; மக்கள் ஆறறிவு. ஆறாவது அறிவு மனம். ஐயறிவு வரிசையில் விலங்கோடு 'மாக்கள்' என்பாரையும் அவர் சேர்த்தார். மனிதராய்ப் பிறந்தும் மனத்தைப் பயன்படுத்தாதவர்களே அவர்கள். மக்கள், மாக்கள்: எழுத்தில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம், வாழ்க்கையில் எவ்வளவு பெரிய வித்தியாசம்!

எந்தப் புலியும் சம்பளத்தைக் குடித்துத் தீர்த்துவிட்டு வந்து குட்டியை அடிப்பதில்லை. எந்த யானையும் வட்டிக்கு விட்டு இன்னொரு யானையின் குடும்பத்தைக் கெடுப்பதில்லை. நல்லது கெட்டது தெரிந்தும் கெட்டதைச் செய்கிறவன் மனிதன் ஒருவனே. அப்படியிருக்க அதை 'மிருகத்தனம்' என்று சொல்லி மிருகத்தின் தலையில் பழி போடுவது நியாயமா?

நம் முன்னோர்களை ஆடுமாடுகளாக நடத்திய காலம் ஒன்று இருந்தது. அந்த வலி தெரிந்த நாம், நம் பிள்ளைகளையே "மாடே, கழுதையே" என்று ஏசலாமா? ஏச்சுக் கேட்டு வளர்ந்த பிள்ளை ஏசத்தான் பழகும்.

திருவள்ளுவர் 'கல்லாமை' அதிகாரத்தின் கடைசிக் குறளில், நல்ல நூல் கற்றவரோடு ஒப்பிட்டால் கல்லாதவர் மனிதரோடு ஒப்பிடப்படும் விலங்கு போன்றவர் என்றார். மாணவர்களே! இன்று நீங்கள் வாங்கும் பரிசு மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது. கற்ற கல்விக்குச் சான்று, தம்பி தங்கையிடமும் எளியவரிடமும் நீங்கள் நடந்துகொள்ளும் முறைதான். மக்களாய் வாழுங்கள்!

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!