ஐஸ்கிரீம் காப்பாற்றிய பீர் ஆலை



குடும்பத் தொழில் மூன்று தலைமுறைக்கு மேல் தாங்குமா என்பதுதான் இன்றைய கருத்தரங்கின் கேள்வி. தாத்தா சம்பாதிப்பார், அப்பா காப்பாற்றுவார், பேரன் அழிப்பான் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. அதை மறுக்க, அமெரிக்காவின் ஒரு சிற்றூரில் இருக்கும் பீர் ஆலையைச் சாட்சியாக அழைத்து வந்திருக்கிறேன். நான் குடிக்குப் பரிந்து பேச வரவில்லை. தான் விற்ற பொருளையே அரசாங்கம் தடை செய்தபோது ஒரு குடும்பம் எப்படிப் பிழைத்தது என்பதே என் பேச்சு.

பென்சில்வேனியா மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த ஊர் பாட்ஸ்வில். ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியிலிருந்து குடியேறிய டேவிட் காட்லீப் யிங்லிங், 1829-ஆம் ஆண்டு அங்கே 'ஈகிள்' என்ற பீர் ஆலையைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில், 1831-இல், தீ விபத்தில் ஆலை எரிந்துபோனது. மனிதர் ஊரை விட்டு ஓடவில்லை. அதே ஊரின் மஹன்டாங்கோ சாலையில், மலைச் சரிவில் மீண்டும் கட்டினார். குளிர்பதன வசதி இல்லாத காலம் அது. மலையைக் கையால் குடைந்து குகைகள் அமைத்து, அந்தக் குளிர்ச்சியில் பீரைப் பாதுகாத்தார்கள். 1873-இல் மகன் பிரெடரிக் பங்குதாரரானதும் நிறுவனத்தின் பெயரோடு 'மகன்' என்ற சொல்லும் சேர்ந்தது.

பெரிய சோதனை மூன்றாம் தலைமுறைக்கு வந்தது. பேரன் பிராங்க் பொறுப்பில் இருந்தபோது, 1920 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. ஆலையின் குகைகளை அதிகாரிகள் செங்கல் சுவர் எழுப்பி அடைத்தார்கள். நாடெங்கும் நூற்றுக்கணக்கான ஆலைகள் மூடப்பட்டன. வேலையாட்களை அனுப்பிவிட்டு பிராங்கும் கதவைப் பூட்டியிருக்கலாம்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆலைக்கு எதிரே பால் பண்ணைத் தொழிற்சாலை ஒன்றைத் திறந்து ஐஸ்கிரீம் தயாரித்தார். ஆலையில், அரை விழுக்காட்டுக்கும் குறைவான ஆல்கஹால் கொண்ட, சட்டம் அனுமதித்த பானங்களைத் தயாரித்தார். பதின்மூன்று ஆண்டுகள் இப்படியே ஓடின.

1933-இல் தடை நீங்கியது. அதைக் கொண்டாட 'வின்னர் பீர்' என்று பெயரிட்டு, அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு லாரி நிறைய அனுப்பி வைத்தார்கள். பீர் பக்குவமாகச் சில வாரங்கள் பிடிக்குமே, இவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது என்று குறும்பாகக் கேட்பவர்கள் இன்றும் உண்டு!

அதோடு துன்பம் தீரவில்லை. பெரிய நிறுவனங்களின் விளம்பரப் போட்டியில் சிற்றூர் ஆலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. 1970-களின் இறுதியில் நாடு முழுவதும் நூறு ஆலைகள்கூட இல்லை. யிங்லிங் ஆலையும் தடுமாறியது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய வழக்கம் ஒன்று இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் ஆலை பிள்ளைகளுக்குச் சும்மா கிடைப்பதில்லை. பெற்றவரிடமிருந்து விலைக்கு வாங்க வேண்டும். தந்தையின் ஆலையை விட்டு விலகி, வெளியே பீர் விநியோகத் தொழில் நடத்திய ஐந்தாம் தலைமுறை ரிச்சர்ட் யிங்லிங், 1985-இல் அப்படித்தான் வாங்கினார். குடும்பத்தைக் காப்பாற்றிய பால் பண்ணை மூடப்பட்டதும் அதே ஆண்டுதான். 1987-இல் அவர் மீண்டும் கொண்டு வந்த 'லாகர்' பீர் ஆலையை நிமிர்த்தியது. 1999-இல் புளோரிடாவின் டம்பா நகரில் இருந்த ஒரு பெரிய ஆலையையே வாங்கினார். இன்று அவருடைய நான்கு மகள்களும் நிறுவனத்தில் பொறுப்பு வகிக்கிறார்கள். அமெரிக்காவில் இன்றும் இயங்கும் ஆலைகளில் மிகப் பழமையானது இதுவே.

நேயர்களே, அந்தக் குடும்பத்தைக் காத்தது பீர் அல்ல. விற்க முடியாததை விட்டுவிட்டு, விற்கக்கூடியதைத் தேடிய துணிவு. உழைத்து வாங்கியவனுக்குத்தான் சொத்தின் அருமை தெரியும் என்ற கண்டிப்பு. பிள்ளைகளுக்குக் கடையை எழுதி வைக்கும் முன், இந்த இரண்டையும் கொடுத்துவிட்டோமா என்று யோசிப்போம்.